கடைசி யாத்ரீகர் வீடு சேரும் வரை

டிசம்பர் 4ஆம் தேதி மாலை லண்டன், பாரிஸ், நியூயார்க் ஜெப ஆலயங்களில் ஒரு சிறு மாற்றம் நடக்கும். மாதக்கணக்கில் ஒரே மாதிரி சொல்லிவந்த பிரார்த்தனையின் நடுவே பனியையும் மழையையும் கேட்கும் இரண்டு மூன்று சொற்கள் புதிதாக நுழையும். யூதப் பண்டிகைகள் நிலவின் கணக்கில் வருபவை. ஆங்கிலத் தேதியில் ஆண்டுதோறும் முன்னும் பின்னும் நகர்பவை. இந்த மாற்றமோ ஆங்கிலத் தேதியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு விந்தை: இஸ்ரேலில் இருப்பவர்கள் அதே சொற்களைப் பல வாரங்களுக்கு முன்பே சொல்லத் தொடங்கியிருப்பார்கள். கேட்பது ஒரே கடவுளிடம், ஒரே மழையை. தேதி மட்டும் ஏன் இரண்டு?

விடையை நிலத்திலிருந்து தொடங்க வேண்டும். எகிப்துக்கு நைல் இருந்தது. பாபிலோனியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக்குக்கு, டைக்ரிஸும் யூப்ரடீஸும் இருந்தன. ஜெருசலேமைச் சுற்றியுள்ள மலைநாட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. யோர்தான் நதி பக்கத்தில்தான் ஓடுகிறது. ஆனால் பாதாளத்தில் ஓடுகிறது. அது கடந்துவரும் கலிலேயாக் கடல் என்ற நன்னீர் ஏரியே கடல்மட்டத்துக்குச் சுமார் 210 மீட்டர் கீழே இருக்கிறது. போய் விழும் சாக்கடல் 430 மீட்டருக்கும் கீழே. ஜெருசலேமோ கடல்மட்டத்துக்கு 750 மீட்டருக்கு மேல். ஆற்று நீரை வயலுக்குக் கொண்டுவர வேண்டுமானால் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமாக மேலே ஏற்ற வேண்டும். பழங்காலத்தில் அதற்கு வழியே இல்லை.

ஆகவே அது முழுக்க வானம் பார்த்த பூமி. யூதர்களின் வேதமான தோராவே இந்த வேறுபாட்டைச் சொல்கிறது: எகிப்தில் மனிதன் தன் உழைப்பால் நீர் பாய்ச்சிக்கொண்டான், இந்த நாடு வானத்து நீரைக் குடித்து வாழ்கிறது. வாய்க்கால் வெட்டியவனுக்குக் கீழே பார்த்தால் போதும். இங்கே எல்லோரும் மேலே பார்த்தாக வேண்டும். உலகின் அன்றாடக் காரியங்களைக் கடவுள் விடாமல் கவனிக்கிறார் என்ற நம்பிக்கைக்கு இறைப் பராமரிப்பு என்று பெயர். யூத மரபில் அந்த நம்பிக்கைக்கு மழைதான் முதல் பாடப்புத்தகம். எந்தத் தூதரிடமும் ஒப்படைக்காமல் கடவுள் தம் கையிலேயே வைத்திருக்கும் சாவிகள் மூன்று என்கிறது தல்மூத் (ரபிகள் என்ற யூத மத அறிஞர்களின் விவாதங்களைத் தொகுத்த பெருநூல்): பிள்ளைப்பேறு, இறந்தோரின் உயிர்த்தெழுதல், மழை.

ஆண்டு முழுவதற்கும் ஜெருசலேமில் பெய்வது ஏறக்குறைய 550 மில்லிமீட்டர். மழைக்குப் பெயர்போன லண்டனில் பெய்வது சுமார் 600. அளவில் பெரிய வித்தியாசம் இல்லை, வித்தியாசம் பங்கீட்டில். லண்டனில் அது பன்னிரண்டு மாதங்களுக்கும் பரவுகிறது. ஜெருசலேமில் ஜூன் முதல் செப்டம்பர் வரை வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். இலையுதிர் காலத்தில் வரும் முதல் மழைக்கு 'யோரே' என்று பெயர். காய்ந்து இறுகிய மண்ணை உழவுக்கு இளக்குவது அது. வசந்தத்தில் வரும் கடைசி மழை 'மல்கோஷ்'. கதிருக்குப் பால் பிடிக்க வைப்பது அது. இரண்டில் ஒன்று தவறினாலும் அந்த வருஷம் போயிற்று.

இனிப் பிரார்த்தனையின் கட்டமைப்புக்குள் போகலாம். பக்தியுள்ள யூதர் தினம் மூன்று வேளை, ஜெருசலேம் இருக்கும் திசை நோக்கி நின்றபடி 'அமிதா' என்ற பிரார்த்தனையைச் சொல்வார். வாரநாளில் அதில் 19 பகுதிகள். மழை அதில் இரண்டு இடத்தில் வருகிறது, இரண்டு விதமாக. இரண்டாம் பகுதியில் வருவது துதி: மழையைப் பொழிவிப்பவர் என்று கடவுளைப் புகழ்வது. ஒன்பதாம் பகுதியில் வருவது மனு: மழையைத் தா என்று நேரடியாகக் கேட்பது. புகழ்வதற்கு ஒரு நாள் தொடங்குகிறது. கேட்பதற்கு இன்னொரு நாள். நடுவே வேண்டுமென்றே ஓர் இடைவெளி விட்டிருக்கிறார்கள். அந்த இடைவெளிக்குள்தான் கதை இருக்கிறது.

வாசகம் பருவத்துக்குப் பருவம் மாறினால் நாக்கு தடுமாறாதா? தடுமாறும் என்று சட்டம் முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறது. மாற்றம் நிகழ்ந்து முப்பது நாட்களுக்குள் 'சரியாகச் சொன்னேனா?' என்று ஐயம் வந்தால், பழைய பழக்கத்தில் தவறாகவே சொல்லியிருப்பாய் என்று கொள்ள வேண்டும். முப்பது நாட்கள் தாண்டிய பின் ஐயம் வந்தால், சரியாகவே சொல்லியிருப்பாய் என்று கொள்ளலாம். முப்பது நாள், நாளுக்கு மூன்று வேளை: தொண்ணூறு முறை. 13ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வாழ்ந்த ரோத்தன்பர்க் மெயிர் என்ற ரபி இதிலிருந்து ஒரு குறுக்குவழி கண்டார். முதல் நாளிலேயே அந்த வாக்கியத்தைத் தொண்ணூறு முறை சொல்லிப் பழகிவிட்டால் ஐயத்துக்கே இடமில்லை. மனம் ஒன்றிப் பிரார்த்திப்பதை 'கவ்வானா' என்று கொண்டாடும் அதே மரபு, வாய் தன்பாட்டுக்கு ஓடும் என்பதையும் கணக்கில் எடுத்து எண் போட்டு வைத்திருக்கிறது.

மழைக்காலத்தின் வாசலில் சுக்கோத் என்னும் கூடாரப் பண்டிகை வருகிறது. யூத ஆண்டின் திஷ்ரி மாதம் 15ஆம் நாள் தொடங்கி ஏழு நாட்கள், தழை வேய்ந்த பந்தலில் உண்டு உறங்க வேண்டும். அந்த ஆண்டின் தண்ணீர் தீர்மானிக்கப்படுவது இப்போதுதான் என்பது நம்பிக்கை. ஆனாலும் யாரும் மழையைக் கேட்பதில்லை. பந்தலுக்குள் மழை கொட்டினால் எப்படியிருக்கும் என்பதற்கு, கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்ட நூல் ஓர் உவமை சொல்கிறது: வேலைக்காரன் எஜமானுக்குக் கோப்பையை நிரப்பிக்கொண்டு வருகிறான்; எஜமான் அதை வாங்கி அவன் முகத்திலேயே ஊற்றுகிறார். ஆகவே பண்டிகையின் ஏழு நாளும் வாய் மூடியிருக்கிறது. எட்டாம் நாளான திஷ்ரி 22இல் துதி மட்டும் தொடங்குகிறது. மனு இன்னும் இல்லை.

பண்டிகை முடிந்த மறுநாளே கேட்டுவிட வேண்டியதுதானே? அங்கேதான் நடந்து வந்தவர்கள் குறுக்கே நிற்கிறார்கள். ஜெருசலேமில் ஆலயம் இருந்த காலத்தில் சுக்கோத்துக்கு நாலா திசையிலிருந்தும் யாத்ரீகர்கள் வந்தார்கள். கிழக்கே யூப்ரடீஸ் வரையிலிருந்து வந்தவர்களும் உண்டு. பண்டிகை முடிந்து அவர்கள் பாதி வழியில் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டால் பாதை சேறாகும். கோடை முழுக்க வறண்டு கிடந்த காட்டாறுகளில் திடீர் வெள்ளம் வரும். அடுத்துவரும் ஹெஷ்வான் மாதத்தின் 3ஆம் நாளில் கேட்கத் தொடங்கலாம் என்பது மிஷ்னாவில் பதிவான ஒரு கருத்து. ரப்பான் கமலியேல் என்ற அறிஞர் ஒத்துக்கொள்ளவில்லை. 7ஆம் நாள் வரை பொறுக்க வேண்டும் என்றார். பண்டிகை முடிந்து பதினைந்து நாள்; அப்போதுதான் கூட்டத்தில் கடைசியாக நடப்பவரும் யூப்ரடீஸ் கரையை அடைந்திருப்பார். அவர் சொன்னதே சட்டமாயிற்று.

கணக்கு சரியா என்று பார்ப்போம். சராசரி மனிதர் ஒரு பகலில் நடக்கும் தூரம் பத்துப் பாரசாங் என்று தல்மூத் கொள்கிறது. ஒரு பாரசாங் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். நாளுக்கு நாற்பது கிலோமீட்டர், பதினைந்து நாளில் அறுநூறு. ஜெருசலேமிலிருந்து வடக்கே சிரியா வழியாக யூப்ரடீஸின் வளைவை எட்டும் தூரம் அதை ஒட்டியே வருகிறது. வழியில் ஓய்வுநாட்களும் உண்டு என்பதைச் சேர்த்தால், தாராளமான கெடுவும் இல்லை. ஒரு தேசத்து உழவர்கள் அத்தனை பேரும், விதை கையில் இருக்க, முன்பின் தெரியாத ஒருவருக்காகக் காத்திருந்தார்கள் என்பதுதான் இந்தத் தேதியின் பொருள்.

ஆனால் அந்த வழிப்போக்கர் வழியில் சும்மா நடப்பாரா? நனையாமல் போய்ச் சேர வேண்டுமே என்று வேண்டிக்கொண்டுதான் நடப்பார். இதையும் யோசித்திருக்கிறார்கள். பண்டிகைக்கு ஐந்து நாள் முன்பு வரும் யோம் கிப்பூர் என்ற பாவநிவாரண நாளில், பிரதான ஆசாரியர் ஆலயத்தின் உள்ளறைக்குள் போய்வந்து சொல்லும் மிகச் சுருக்கமான பிரார்த்தனையில் ஒரு விண்ணப்பம் உண்டு: உலகத்துக்கு மழை தேவைப்படும்போது, வேண்டாம் என்று வேண்டும் பயணிகளின் பேச்சைக் கேட்டுவிடாதே. ஒரு பக்கம் பயணிக்காக நாடே பதினைந்து நாள் பொறுக்கிறது. இன்னொரு பக்கம் நாட்டுக்காகப் பயணியின் வேண்டுதலை ஒதுக்கச் சொல்கிறது. தராசின் இரண்டு தட்டிலும் எடை வைத்திருக்கிறார்கள்.

தல்மூத் அந்தத் தராசையும் ஒரு கதையால் ஆட்டிப் பார்க்கிறது. ஹனினா பென் தோசா பரம ஏழை, பிரார்த்தனைக்குப் பேர்போனவர். வழிநடையில் மழை பிடித்துக்கொண்டது. உலகமே நிம்மதியாக இருக்க ஹனினா மட்டும் துன்பப்படுகிறானே என்று முறையிட்டார், மழை நின்றது. வீடு வந்து சேர்ந்ததும், ஹனினா நிம்மதியாக இருக்க உலகமே துன்பப்படுகிறதே என்றார். மழை திரும்பி வந்தது. பிரதான ஆசாரியரின் பிரார்த்தனை ஹனினாவின் முன் என்ன எடுபட்டது என்று பிற்கால ரபி ஒருவர் வியக்கிறார். எல்லோரும் ஹனினா அல்லவே. சாதாரணப் பயணிக்கு அபாயே என்ற தல்மூத் அறிஞர் ஒரு விதி வைத்தார்: வழிப்பயணப் பிரார்த்தனையில் 'என்னை' என்று சொல்லாதே, 'எங்களை' என்று சொல். இன்றும் அது பன்மையில்தான் சொல்லப்படுகிறது, விமானத்தில் தனியாகப் போகிறவராலும்கூட.

இப்போது டிசம்பர் 4. பாபிலோனிய யூதர்களின் வயலுக்கு ஆற்று நீர் இருந்தது. அவர்களுக்கு மழை அத்தனை சீக்கிரம் வேண்டியதில்லை. ஆகவே, பகலும் இரவும் சமமாகும் இலையுதிர் சமநாளிலிருந்து அறுபதாம் நாள் கேட்டால் போதும் என்று வைத்துக்கொண்டார்கள். புலம்பெயர்ந்த மற்ற எல்லோரும் பாபிலோனியாவைப் பின்பற்றினார்கள். சமநாள் சூரியனின் கணக்கு. நிலவின் கணக்கில் அடங்காது. அதனால்தான் இந்தத் தேதி சூரிய நாட்காட்டியில் வந்து உட்கார்ந்தது.

சமநாளைக் கணக்கிட்டவர் 3ஆம் நூற்றாண்டில் நெஹார்தியா நகரில் வாழ்ந்த சாமுவேல். மருத்துவர், வானியலாளர். தன் ஊர்த் தெருக்களைப் போலவே வானத்துப் பாதைகளும் தனக்குப் பரிச்சயம், வால்நட்சத்திரம்தான் என்னவென்று தெரியவில்லை என்று சொன்னவர். ஓர் ஆண்டுக்கு 365 நாள் 6 மணி நேரம் என்று எடுத்துக்கொண்டார். ஜூலியஸ் சீசரின் நாட்காட்டியும் அதே அளவுதான். உண்மையான ஆண்டு அதைவிட 11 நிமிடம் 14 விநாடி குறைவு. அற்பம்தான்; ஆனால் 128 ஆண்டுகளில் அது ஒரு முழு நாளாகிவிடும்.

யூத நாட்காட்டியின் நிலவுக் கணக்கைப் பார்த்தால் இது இன்னும் வேடிக்கை. அதில் ஒரு மணி நேரம் 1,080 கூறுகளாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. ஒரு மாதத்துக்கு 29 நாள், 12 மணி, 793 கூறு. இன்றைய வானியல் தரும் சராசரியோடு ஒப்பிட்டால் பிழை அரை விநாடிதான். அத்தனை நுட்பம் தெரிந்தவர்கள் மழைத் தேதிக்கு மட்டும் முழுசான, எளிய எண்ணை வைத்துக்கொண்டார்கள். அந்த எளிமைக்கும் ஒரு பலன் உண்டு. 365 நாள் 6 மணியை 28ஆல் பெருக்கினால் 10,227 நாள் வரும். மீதியில்லாமல் 1,461 வாரம். எனவே 28 ஆண்டுக்கு ஒருமுறை வசந்த சமநாள் அதே கிழமை, அதே மணிக்குத் திரும்பிவிடும். அன்று காலை யூதர்கள் வெளியே வந்து சூரியனுக்கான சிறப்பு வாழ்த்தைச் சொல்வார்கள். கடைசியாகச் சொன்னது 2009 ஏப்ரல் 8. அடுத்தது 2037 ஏப்ரல் 8.

உண்மைச் சமநாள் செப்டம்பர் 22 அல்லது 23. சாமுவேல் கணக்கின் சமநாள் இப்போது அக்டோபர் 7. இரண்டு வாரப் பிந்தல். 1582இல் போப் கிரகோரி நாட்காட்டியைத் திருத்தி, நூறாம் ஆண்டுகள் சிலவற்றில் லீப் நாளை நீக்கினார். சாமுவேலின் கணக்கை யாரும் திருத்தவில்லை. ஆகவே மழை கேட்கும் தேதி 400 ஆண்டில் மூன்று நாள் வீதம் ஆங்கில நாட்காட்டியில் நழுவுகிறது. 1900 முதல் டிசம்பர் 4 மாலை. அடுத்த ஆண்டு லீப் ஆண்டானால் மட்டும் 5ஆம் தேதி மாலை.

சரி, கேட்டும் மழை வரவில்லையென்றால்? அதற்கும் படிப்படியான நடைமுறை உண்டு. ஹெஷ்வான் 17 வரை வராவிட்டால் கற்றறிந்தவர்கள் மட்டும் மூன்று நோன்பு. அடுத்த மாதப் பிறப்பிலும் வராவிட்டால் ஊரே நோன்பு: முதலில் மூன்று, பிறகு கடுமையான மூன்று, பிறகு இன்னும் கடுமையான ஏழு, ஆக மொத்தம் பதின்மூன்று. கடைசி ஏழில் தோரா வைத்திருக்கும் பேழையை ஊர்ச் சதுக்கத்துக்கே கொண்டுவந்து சாம்பல் தூவுவார்கள். முன்னின்று பிரார்த்திக்க யாரைத் தேர்ந்தெடுப்பது? நல்ல குரல் உள்ளவரையோ செல்வாக்குள்ளவரையோ மிஷ்னா முதலில் தேடவில்லை. வயதானவராக, பிரார்த்தனை பழகியவராக, பிள்ளைகுட்டிக்காரராக, வீட்டில் ஒன்றும் இல்லாதவராக இருக்க வேண்டும். அப்போதுதான் அவர் இதயம் முழுதாக அதில் இருக்கும். உண்மையான பிரார்த்தனைக்கு அவர்கள் வைத்த தகுதி, காலிப் பானை.

மழை பெய்தால் நோன்பை நிறுத்தலாம். எவ்வளவு பெய்தால்? தல்மூத் மண்ணைத் தோண்டிப் பார்க்கச் சொல்கிறது. வறண்டு இறுகிய நிலத்தில் ஈரம் ஒரு கையகலம் இறங்கியிருந்தால் போதும். நடுத்தர நிலத்தில் இரண்டு. உழுது பண்பட்ட நிலத்தில் மூன்று. ஒரே மழை பொலபொலப்பான மண்ணில் ஆழமாகவும் இறுகிய மண்ணில் மேலாகவும் நிற்கும் என்பதைக் கவனித்து வைத்த அளவை இது. பாத்திரத்தில் எவ்வளவு விழுந்தது என்பதைவிட வேருக்கு எவ்வளவு எட்டியது என்பதே உழவனுக்கு முக்கியம்.

நடைமுறைக்கு அடங்காத ஒருவரும் மரபில் உண்டு. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ஹோனி, தரையில் ஒரு வட்டம் வரைந்து நடுவில் நின்று, மழை வராமல் நகரமாட்டேன் என்று கடவுளிடமே அடம் பிடித்தார். தூறல் விழுந்தது, நான் கேட்டது இதுவல்ல, தொட்டிகள் நிரம்ப வேண்டும் என்றார். பேய்மழை வந்தது, இதுவுமல்ல, அருள்மழை வேண்டும் என்றார். அளவாகப் பெய்யத் தொடங்கிய மழை நிற்காமல் பெய்து, ஜெருசலேம் மக்கள் ஆலய மேட்டில் ஏற வேண்டியதாயிற்று. நிறுத்தச் சொல்லிக் கேட்டார்கள். தொலைந்த பொருட்களை அறிவிக்கும் கல் ஒன்று ஊரில் இருந்தது. அது கரைந்துவிட்டதா பாருங்கள் என்றார் ஹோனி. மழை மிகுதிக்கு எதிராகப் பிரார்த்திப்பது வழக்கமில்லை என்பதை அவர் பாணியில் சொன்னார். தலைவர் ஷிமோன் பென் ஷெதாக் கண்டித்தார், ஆனால் தண்டிக்கவில்லை. அப்பாவிடம் அடம் பிடிக்கும் செல்லப்பிள்ளையை என்ன செய்ய முடியும் என்று விட்டுவிட்டார்.

அப்படியானால் ஆண்டுத் தொடக்கத்தில் தீர்மானமான மழை அளவைப் பிரார்த்தனை மாற்றுமா? தல்மூத்தின் பதில் நீரியல் வல்லுநரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். குறைந்த மழை விதிக்கப்பட்ட பின் மக்கள் திருந்தினால் அளவு கூடாது. ஆனால் அதே அளவு, வேண்டிய காலத்தில் வேண்டிய நிலத்தில் பெய்யும். நிறைய விதிக்கப்பட்ட பின் கெட்டுப்போனால் அளவு குறையாது. காலம் தப்பி, உழாத நிலத்தில் கொட்டிவிட்டுப் போகும். மொத்தக் கணக்கு மூடப்பட்டது, பங்கீடு திறந்திருக்கிறது. பிரார்த்தனைக்கும் நடத்தைக்கும் உள்ள இடம் அந்தத் திறப்புதான்.

பங்கீடு என்று வந்துவிட்டால் ஊருக்கு ஊர் கேள்வி எழாதா? எழுந்தது. கோடையிலும் மழை தேவைப்பட்ட நினிவே மக்கள் கேட்டபோது, மிஷ்னாவைத் தொகுத்த யூதா இளவரசர், பொது மனுவுக்குரிய ஒன்பதாம் பகுதியில் கேட்காதீர்கள், தனி விண்ணப்பங்களுக்குரிய பதினாறாம் பகுதியில் கேளுங்கள் என்றார். 1313இல் ஸ்பெயினின் தொலேதோவில் மழை பொய்த்தபோது ஆஷர் பென் யெஹியேல் என்ற பேரறிஞர், நம் நிலத்துக்கு பஸ்கா என்ற வசந்தப் பண்டிகைக்குப் பிறகும் மழை வேண்டும், பாபிலோனியத் தேதியை ஏன் சுமக்கிறோம் என்று வாதிட்டார். சபை ஒப்பவில்லை, அவர் விட்டுக்கொடுத்தார்.

17ஆம் நூற்றாண்டில் கேள்வி பூமத்திய ரேகையைத் தாண்டியது. டச்சு ஆட்சியிலிருந்த பிரேசிலில் குடியேறிய யூதர்கள், இன்றைய கிரேக்கத்தின் சலோனிக்காவில் இருந்த ரபி ஹாயிம் ஷப்தாய்க்கு எழுதினார்கள்: இங்கே பருவம் தலைகீழ், எல்லோரும் மழை கேட்கும் மாதங்களில் எங்களுக்கு மழை கெடுதல். என்ன செய்வது? அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஒரு ரபிக்கு வந்த முதல் சட்டக் கேள்வி இது என்று கருதப்படுகிறது. கெடுதல் செய்யும் மழையைக் கேட்க வேண்டாம். உங்களுக்குத் தேவையான காலத்தில் பதினாறாம் பகுதியில் கேளுங்கள் என்றார் அவர். பழைய தேதிக்கு மரியாதை உண்டு. ஆனால் நிற்கும் நிலத்துக்குத் தீங்கு கேட்கும் அளவுக்கு இல்லை.

2100ஆம் ஆண்டில் நம் நாட்காட்டி ஒரு லீப் நாளைக் கைவிடும். அதன்பின் லண்டனும் நியூயார்க்கும் டிசம்பர் 5 மாலையில்தான் மழை கேட்கும். சாமுவேலின் சூரியன் இன்னும் ஒரு நாள் பிந்தியிருக்கும். இஸ்ரேலில் ஹெஷ்வான் 7 அப்படியே நிற்கும். ஆலயம் கி.பி. 70இல் அழிந்தது, யூப்ரடீஸுக்கு நடந்து திரும்புகிறவர் யாரும் இல்லை. ஆனாலும் அந்தப் பதினைந்து நாளை யாரும் குறைக்கவில்லை. சூரியனை வைத்துப் போட்ட தேதி நகர்கிறது. கூட்டத்தில் மெதுவாக நடப்பவரை வைத்துப் போட்ட தேதி நகரவில்லை.